தோல்விக்குப் பின் பயிற்றுவிப்பாளரை மாற்றுவதா: வன்னிக் கழகங்களுக்கு ஒரு வழிகாட்டி

முதற்சுற்றோடு வெளியேறிய உதைபந்தாட்ட அணி ஊர் திரும்பிய மறுநாளே "ஆளை மாற்றுங்கள்" என்ற குரல் மல்லாவியிலும் எழும், புதுக்குடியிருப்பிலும் எழும், உலகக் கிண்ணம் வென்ற நாடுகளிலும் எழும். கழக நிர்வாகம் முதலில் செய்ய வேண்டியது, பொதுக்கூட்டத்தைச் சில நாட்களாவது தள்ளிவைத்து, தோற்ற ஆட்டங்களை மீண்டும் உட்கார்ந்து பார்ப்பதுதான். கைபேசியில் யாராவது எடுத்த காணொளி போதும்.

பார்க்கும்போது கோல் கணக்கை ஒதுக்கிவையுங்கள். 2018 உலகக் கிண்ணத்துக்கு நடப்புச் சம்பியனாகச் சென்ற ஜேர்மனி, மெக்ஸிக்கோவிடம் 0-1 எனத் தோற்று, சுவீடனை 2-1 என வென்று, தென்கொரியாவிடம் 0-2 என வீழ்ந்து, குழுவில் கடைசி இடத்தோடு வெளியேறியது. கொரியாவின் இரண்டு கோல்களும் உபாதையீட்டு நேரத்தில் வந்தவை. இரண்டாவது கோலின்போது கோல்காப்பாளர் நோயர் எதிரணியின் பாதிக்குள் நின்று பந்தைப் பறிகொடுக்க, நீண்ட உதையைத் துரத்திய சொன் ஹியூங்-மின் வெறுமையாகக் கிடந்த கோலுக்குள் அதைத் தட்டிவிட்டார். அந்தக் கோலை வைத்துப் பயிற்றுவிப்பாளரை எடைபோட முடியாது. ஆனால், முதல் ஆட்டத்திலேயே பக்கக் காவலர்கள் முன்னேறிய பின் திறந்துகிடந்த வெளியினூடாக மெக்ஸிக்கோ திரும்பத் திரும்பப் பாய்ந்ததும், மூன்று ஆட்டங்களில் ஜேர்மனி இரண்டே கோல்கள் அடித்ததும், பயிற்றுவிப்பாளர் யோவாக்கிம் லோவ் பதில் சொல்ல வேண்டியவை.

உங்கள் குறிப்பேட்டிலும் இதே பிரிவினை இருக்கட்டும். எந்த நிமிடத்தில் யாரை மாற்றினார், களைத்துப்போன வீரரை எவ்வளவு நேரம் களத்தில் வைத்திருந்தார், பந்தை இழந்த இடம் எது என்பவற்றை ஒரு பக்கத்திலும், காயம், நடுவர் தீர்ப்பு, மழையில் சேறாகிய மைதானம் ஆகியவற்றை மறுபக்கத்திலும் எழுதுங்கள். பயிற்சிக்கு வந்தோரின் வரவுப் பட்டியலையும் கட்டாயம் எடுத்துப் பாருங்கள். காலபோக அறுவடையில் பாதி அணி வயலில் நிற்க, மீதிப் பேரோடு மாலைப்பொழுதில் பயிற்சி நடத்திய ஒருவரைத் தோல்விக்குப் பொறுப்பாக்குவது பெரும் அநியாயம்.

அவரையே வைத்திருப்பது என முடிவெடுத்தால், எதைத் திருத்த வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள். லோவ் பதவியில் நீடித்தார். அதே ஆண்டு ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான நேஷன்ஸ் லீக் தொடரில் ஜேர்மனி ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. 2019இல் மூத்த வீரர்களான முல்லர், ஹம்மல்ஸ், போவாட்டெங் ஆகியோரை லோவ் ஒதுக்கினார். 2020 நவம்பரில் ஸ்பெயினிடம் 0-6 எனத் தோற்ற பிறகு, முல்லரையும் ஹம்மல்ஸையும் 2021 ஐரோப்பியக் கிண்ணத்துக்குத் திரும்ப அழைத்தார். அத்தொடர் முடிந்ததும் அவர் விலக, ஹன்சி பிளிக் வந்தார். ஆயினும் 2022 உலகக் கிண்ணத்திலும் ஜேர்மனி குழுநிலையைத் தாண்டவில்லை. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்காமல் ஆளை வைத்திருந்தாலும் மாற்றினாலும் பலன் ஒன்றுதான் என்பது என் துணிபு.

மாற்றுவதென்றால் தொடர் முடிந்த பின் மாற்றுங்கள். 2018இல் ஸ்பெயின், தொடர் தொடங்குவதற்கு முதல் நாள் பயிற்றுவிப்பாளர் லொபெதேகியை நீக்கிப் பெர்னாண்டோ ஹியெரோவை அமர்த்தியது. ரஷ்யாவுக்கு எதிராக ஆயிரத்துக்கு மேற்பட்ட பந்துப் பரிமாற்றங்கள் செய்தும், அந்த அணி தண்ட உதைகளில் தோற்று வெளியேறியது.

புதியவரைத் தேடும்போது முதலில் கழகத்துக்குள்ளேயே பாருங்கள். அதே ஆண்டு பிரான்ஸிடம் 3-4 எனத் தோற்று வெளியேறிய ஆர்ஜென்டீனா, பயிற்றுவிப்பாளர் சம்பாவோலியின் உதவியாளர் குழுவில் இருந்த லியோனல் ஸ்கலோனியைத் தற்காலிகமாக நியமித்தது. அதற்கு முன் எந்தப் பெரிய அணிக்கும் அவர் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்ததில்லை. 2021இல் தென் அமெரிக்கக் கிண்ணமான கோபா அமெரிக்காவையும் 2022இல் உலகக் கிண்ணத்தையும் அவரது அணி வென்றது. அந்த உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் தோற்றபோது அவர் பதறவில்லை. மக் அலிஸ்டர், என்சோ பெர்னாண்டஸ், அல்வாரெஸ் ஆகிய இளையவர்களுக்கு அடுத்த ஆட்டங்களில் படிப்படியாக இடம் கொடுத்தார்.

முடிவை வட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன், தலைவரும் செயலாளரும் பழையவரின் வீட்டுக்கு நேரே சென்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் அவர் பெரும்பாலும் ஊதியமின்றி உழைத்த ஆசிரியராகவோ மூத்த வீரராகவோ இருப்பார். நாளையும் அதே மைதானத்துக்கு வருவார். வீரர்களைப் பற்றிய அவரது குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் புதியவரிடம் கொடுங்கள். அடுத்த மதிப்பீட்டுக்கான திகதியையும் அன்றைக்கே குறித்துக் கூட்ட அறிக்கையில் பதிந்துவிடுங்கள்.