தாளப் பெட்டி கட்டலாம் வாங்க: டிரம் மெஷின் கிட், முதல் சால்டரிலிருந்து மிஸ்ர சாபு வரை

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம், குடமுருட்டிக் கரை. பெரியப்பா வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஐந்தாறு பிள்ளைகள் மிருதங்கம் கற்றுக்கொள்கிறார்கள். பெரியப்பா ஒருத்தனைத் திருத்தப் போனால் மற்றவர்கள் தாளம் விட்டுவிடுகிறார்கள். ஓயாமல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி இருந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் இந்த டிரம் மெஷின் கிட்டை வாங்கினேன். செல்போனில் இதற்குச் செயலிகள் இருக்கின்றன, தெரியும். ஆனால் திருகினால் வேகம் மாறுகிற, சுவிட்சைத் தட்டினால் அடி விழுகிற பெட்டியைப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொள்வார்கள்.

இதுவரை சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்காதவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எல்லாவற்றையும் பொருத்திவிட்டுக் கடைசியில் கரண்ட் கொடுக்காதீர்கள். ஒரு பகுதி முடிந்ததும் அதை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், காதால் கேட்க வேண்டும். அது சரியாக இருந்தால்தான் அடுத்த பகுதி.

கிட்டில் என்ன இருக்கிறது

என் கிட் 12 வோல்ட்டில் ஓடுவது. வேகத்துக்கு ஒரு 555 ஐசி (பல கால்கள் உள்ள கறுப்புச் சில்லு). படிகளை வரிசையாக எண்ண ஒரு 4017. கிக் (கனமான பெரிய டிரம் அடி), ஸ்னேர் (இரைச்சலோடு விழும் சின்ன டிரம் அடி), ஹை-ஹாட் (சிறு ஜால்ரா போன்றது) என்று மூன்று ஓசைகள். ஒவ்வொன்றுக்கும் எட்டு சுவிட்ச், ஆக 24 சுவிட்ச், 24 டயோடு. ஓசையைப் பெருக்கும் டிஎல்072 ஐசி இரண்டு, துடிப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் 4081 ஐசி ஒன்று, கொஞ்சம் பிசி547 டிரான்சிஸ்டர்கள். உங்கள் கிட்டில் மதிப்புகள் மாறலாம்; வேலை செய்யும் விதம் பெரும்பாலும் இதுதான்.

பிரித்ததும் ரெசிஸ்டர்களைப் பகல் வெளிச்சத்தில் மல்டிமீட்டரால் அளந்து, மதிப்பை எழுதிய தாளில் குத்தி வைத்துவிடுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று பிறகு சொல்கிறேன். கெப்பாசிட்டரில் 473 என்றால் 47 நானோ ஃபாரட், 104 என்றால் 100 நானோ ஃபாரட். 473-க்குப் பதில் 474 போட்டால் பத்து மடங்கு வித்தியாசம்.

சால்டர் வைப்பது

25 வாட் அயர்ன், 60/40 ஈயக்கம்பி போதும். அயர்ன் நுனி போர்டின் செம்பு வளையத்தையும் உறுப்பின் காலையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இரண்டு விநாடி சூடேறட்டும். பிறகு கம்பியை நுனியில் வைக்காமல் காலின் மேல் வையுங்கள். ஈயம் உருகித் தானாகப் பரவும். எள்ளுருண்டை மாதிரி உருண்டு நின்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கூம்பாகச் சரிந்து, பளபளவென்று காலைக் கட்டிக்கொண்டிருந்தால் பிடித்துவிட்டது.

மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள், சூடு நிற்காது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள், அது ஈயம்.

நம் பக்கத்துக்கென்று இன்னொரு விஷயம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த உறுப்புகளின் கால்கள் கறுத்துப்போகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு. கறுத்த காலில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. பிளேடால் மெதுவாகச் சுரண்டிவிட்டு வையுங்கள்.

முதலில் கரண்ட்

அடாப்டர் துளை, 1என்4007 டயோடு, பெரிய கெப்பாசிட்டர், ஐசி சாக்கெட்டுகள் ஆகியவற்றை மட்டும் பொருத்துங்கள். ஐசி எதையும் இன்னும் செருக வேண்டாம். கரண்ட் கொடுத்து 4017-இன் சாக்கெட்டில் 16-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவே அளந்தால் பதினொன்றரை வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் அந்த டயோடு எடுத்துக்கொள்கிறது. யாராவது அடாப்டரைத் தலைகீழாகச் செருகினால் போர்டைக் காப்பாற்றப்போவது அதுதான்.

வீட்டில் கிடக்கும் பழைய, கனமான டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டரை எடுக்காதீர்கள். மேலே 12 என்று எழுதியிருந்தாலும் பாரம் இல்லாதபோது 16, 17 வோல்ட்கூட வரும். 555 அதைத் தாங்காது.

வேகமும் படிகளும்

555-ஐச் சுற்றி 10 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் ஒன்று, வேகத்தை மாற்றும் 100 கே திருகியோடு தொடராக இன்னொரு 10 கே, ஒரு 4.7 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். திருகியை முழுக்கத் திருகினால் விநாடிக்குச் சுமார் 1.3 அடியிலிருந்து 10 அடி வரை கிடைக்கும். விளம்ப காலப் பாடத்துக்கும் போதும், வேகமான சொற்கட்டுக்கும் போதும்.

அடுத்து 4017. ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் ஒரு கால் உயிர்பெற்று எல்இடி எரியும், அடுத்த துடிப்பில் பக்கத்து எல்இடிக்கு நகரும். இங்கே ஒரு கோளாறு அடிக்கடி வரும்: வெளிச்சம் வரிசை தப்பித் தாவும், கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே ஓட்டம் மாறும். 13-ஆம் கால் கிரவுண்டில் (மைனஸில்) சேரவில்லை, இல்லையென்றால் 15-ஆம் கால் அந்தரத்தில் தொங்குகிறது. இந்த வகை ஐசியின் உள்ளீட்டுக் கால் எதையும் சும்மா விடக்கூடாது. காற்றில் இருக்கும் மின்சார இரைச்சலே அதற்குக் கட்டளையாகிவிடும். 4081-க்குள் இருக்கும் நான்கு சிறு சுற்றுகளில் (கேட்) மிச்சமிருக்கும் ஒன்றின் உள்ளீடுகளையும் கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள்.

ஓசைக்கு வழி

கிக் கட்டுவதற்கு முன், மூன்று ஓசைகளையும் கலந்து வெளியே அனுப்பும் மிக்ஸரைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எதைக் கேட்பது? டிஎல்072-இல் 8-ஆம் காலில் முழு வோல்ட்டும், 4-இல் பூஜ்யமும், 1-லும் 7-லும் பாதியும், அதாவது 6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகவும் இருக்க வேண்டும். பாதி இல்லாமல் ஒரேயடியாக மேலேயோ கீழேயோ ஒட்டிக்கொண்டிருந்தால், வோல்ட்டைப் பாதியாகப் பிரிக்கும் இரண்டு ரெசிஸ்டர்களின் சால்டரைப் பாருங்கள்.

சரியாக இருந்தால் ஸ்பீக்கரைச் சேர்த்து, ஒலியைக் குறைத்து வைத்து, மிக்ஸரின் உள்ளீட்டை ஸ்குரூடிரைவர் நுனியால், அதன் இரும்பில் விரல் பட்டபடி, தொடுங்கள். "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் இங்கிருந்து ஸ்பீக்கர் வரை பாதை திறந்திருக்கிறது.

கிக்

இந்தப் பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பதிவு செய்த ஓசை எதுவும் இதற்குள் இல்லை. இரண்டு 47 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு 1 மெகா ஓம், ஒரு 2.2 கே, பாதி டிஎல்072, அவ்வளவுதான். இந்தச் சுற்றுக்கு பிரிட்ஜ்டு-டி என்று பெயர். ஒரு சின்னத் துடிப்பை உள்ளே விட்டால், தட்டிய தோலைப் போலத் தானாக அதிர்ந்து அடங்கும். 1980-இல் ரோலண்ட் வெளியிட்ட டிஆர்-808-இன் கிக்கும் இந்த வகைச் சுற்றுதான்.

சுருதியைக் கணக்குப் போடலாம். இரண்டு ரெசிஸ்டர்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதைக் கெப்பாசிட்டராலும் 6.28-ஆலும் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் வருவது ஹெர்ட்ஸ். மேலே சொன்ன மதிப்புகளுக்கு 72 ஹெர்ட்ஸ். 2.2 கே-யை எடுத்துவிட்டு 4.7 கே போட்டால் 49 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், ஆனால் கார்வை, அதாவது ஓசை நீண்டு ஒலிப்பது, கொஞ்சம் குறையும். இரண்டு ரெசிஸ்டர்களுக்கும் நடுவே விகிதம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு கார்வை.

நான் கட்டி முடித்து, பிளஸ்ஸிலிருந்து ஒரு கம்பியால் டிரிகர் புள்ளியை (துடிப்பு உள்ளே போகும் இடத்தை) தட்டியபோது "டொக்" என்று வந்தது. மரப்பலகையில் விரலால் தட்டியதுபோல. இந்த கிட்டின் ஓசையே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். திண்ணையிலிருந்து பெரியப்பா திரும்பிப் பார்த்தார். "ஏண்டா தம்பி, தொப்பிக்கு ரவை வைக்காம வாசிக்கிற மாதிரி இருக்கே?"

மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவையைக் குழைத்து அப்பினால்தான் பாரம் கூடிச் சுருதி இறங்கும், 'தொம்' என்று கார்வை நிற்கும். அது இல்லாவிட்டால் வறட்டு ஓசைதான். அவர் சொன்னது சரியாக என் போர்டில் நடந்திருந்தது: சுருதி ஏறியிருந்தது, கார்வையும் இல்லை. கரண்டை நிறுத்திவிட்டு அளந்தேன். 1 மெகா ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 100 கே. கணக்குப் போட்டால் 228 ஹெர்ட்ஸ் வருகிறது.

எப்படி மாறியது? 1 மெகா ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, பச்சை. 100 கே-க்குப் பழுப்பு, கறுப்பு, மஞ்சள். ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மூன்றாவது கோட்டைத் தவறாகப் படித்திருக்கிறேன். பகலில் அளந்து குத்தி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மாற்றிப் போட்டதும் வந்தது பாருங்கள் "தொம்" என்று, அதைக் கேட்க எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் உட்காரலாம்.

ஒரு எச்சரிக்கை: செல்போனுக்கான குட்டி ஸ்பீக்கரில் 72 ஹெர்ட்ஸ் சரியாக வராது. கிக் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் ஹெட்ஃபோனிலோ பெரிய ஸ்பீக்கரிலோ கேளுங்கள்.

ஸ்னேரும் ஹை-ஹாட்டும்

இரண்டுக்கும் இரைச்சல் வேண்டும், "ஸ்ஸ்ஸ்" என்று. அதை ஒரு டிரான்சிஸ்டர் தருகிறது. அதன் மூன்று கால்களில் எமிட்டர், பேஸ் இரண்டுக்கும் நடுவே வோல்ட்டைத் தலைகீழாகக் கொடுத்தால், ஏழெட்டு வோல்ட் தாண்டியதும் அந்தச் சந்தி உடைந்து மின்சாரம் தாறுமாறாகக் கசியும். அந்தக் கசிவைப் பெருக்கினால் இரைச்சல். ஸ்னேரில் இதோடு சின்ன பிரிட்ஜ்டு-டி ஒன்றும் சேரும். ஹை-ஹாட்டில் கீழ் ஓசைகளை வடிகட்டிவிடுவார்கள்.

9 வோல்ட் பாட்டரியில் ஓட்டினால், பாட்டரி கொஞ்சம் இறங்கியதுமே ஸ்னேரும் ஹை-ஹாட்டும் போய்விடும், கிக் மட்டும் தெம்பாக அடிக்கும். இப்போது காரணம் புரிந்திருக்கும்.

டிரான்சிஸ்டரின் கால்களிலும் கவனம் வேண்டும். தட்டை முகம் நம்மைப் பார்த்திருக்க, பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு நேர்மாறு. போர்டு ஒன்றுக்காக அச்சிட்டிருக்கும், பையில் மற்றது இருக்கும். மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும்: எமிட்டரில் 7 முதல் 9 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. உள்ளே வரும் முழு வோல்ட்டும் அப்படியே இருந்தால் கால் மாறியிருக்கிறது. முக்கால் வோல்ட்டுக்குப் பக்கம் என்றாலும் தலைகீழ்தான். எல்லாம் சரியாக இருந்தும் இரைச்சல் மெலிந்திருந்தால் வேறு பிசி547-ஐப் போட்டுப் பாருங்கள். ஒரே பையில் இருந்தாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இரையும். நாலைந்தில் நன்றாக இரைவதை வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் மட்டும் சாக்கெட் வைப்பது நல்லது.

சுவிட்சும் டயோடும்

24 டயோடு, எல்லாம் 1என்4148. கறுப்புக் கோடு போர்டில் உள்ள கோட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று திரும்பிவிட்டால் அந்தப் படி மட்டும் ஊமையாகும் என்று நினைப்போம். அதுமட்டும் இல்லை. அந்த சுவிட்சைப் போட்டதும் அதே வரிசையில் மற்ற அடிகளும் அமுங்கிப்போகும், எடுத்தால் திரும்பி வரும். திரும்பிய டயோடு மற்ற படிகளின் வோல்ட்டைத் தன் வழியாகக் கீழே இழுத்துவிடுகிறது. எந்த சுவிட்ச் மற்றவற்றை அமுக்குகிறதோ அதன் டயோடைத் திருப்புங்கள்.

அடுத்தடுத்து இரண்டு சுவிட்சைப் போட்டால் ஒரே அடிதான் விழுகிறதா? 4017 முதல் படியிலிருந்து நகரும்போது வோல்ட் இறங்காமல் அப்படியே அடுத்ததற்குத் தொடர்கிறது. இரண்டு அடிக்கும் நடுவே இடைவெளி இல்லை. 555-இன் துடிப்போடு சேர்த்து அதைத் துண்டுபோடுவதுதான் 4081-இன் வேலை. அதன் கால் ஏதாவது சாக்கெட்டில் இறங்காமல் மடங்கியிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் வைத்து, சால்டர் வைத்த இடங்களில் மிஞ்சும் பிசினை (ஃபிளக்ஸ்) துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பிசின் ஈரம் பிடித்துக் கசிய ஆரம்பித்தால் 1 மெகா ஓம் உள்ள இடத்தில்தான் முதலில் தொல்லை.

நம் தாளங்களுக்கு

4017-இன் 9-ஆம் காலை 15-இல் சேர்த்திருப்பதால் எட்டுப் படி முடிந்து மறுபடி ஒன்றுக்கு வருகிறது. எட்டு அட்சரம், ஆதி தாளம். கிக்கை 1-லும் ஸ்னேரை 5, 7-லும் போட்டால் நான்கு அட்சர லகுவும், இரண்டிரண்டு அட்சரமாக வரும் இரண்டு திருதமும் காதுக்குத் தெளிவாகத் தெரியும். ஹை-ஹாட் எட்டிலும் ஓடட்டும்.

15-ஆம் காலை 6-ஆம் காலோடு சேர்த்தால் ஏழு படி, மிஸ்ர சாபு. 1-ஆம் காலோடு சேர்த்தால் ஐந்து, கண்ட சாபு. 5-ஆம் காலோடு சேர்த்தால் ஆறு. நான் ஒரு ரோட்டரி சுவிட்ச் வைத்து நான்கையும் கொண்டுவந்துவிட்டேன். திருப்பும்போது நடுவில் 15-ஆம் கால் அந்தரத்தில் நிற்காமலிருக்க அதிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கே போட வேண்டும். மிஸ்ர சாபுக்குக் கிக் 1-லும், ஸ்னேர் 4, 6-லும் வையுங்கள், "தகிட தகதிமி" உட்காரும். கண்ட சாபுக்குக் கிக் 1, ஸ்னேர் 3, "தக தகிட".

ரோட்டரி சுவிட்சுக்குப் பெட்டியில் துளை போடும்போது போர்டை வெளியே எடுத்துவிடுங்கள். உலோகத் தூள் ஐசி கால்களுக்கு நடுவே விழுந்தால் தேடி எடுப்பது கஷ்டம். பெரியப்பா சுவிட்சைச் சுற்றி 8, 7, 6, 5 என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதச் சொன்னார். தாளத்தின் பெயரை எழுத வேண்டாமாம், எண்ணிப் பார்த்துப் பிள்ளைகளே சொல்லட்டுமாம். அப்படியே எழுதியிருக்கிறேன்.