வேலிக் கணக்கில் மட்குத் தேநீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்கு மட்கிய உரத்தைத் துணிப்பையில் கட்டி நீரில் தொங்கவிட்டு, ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வரை இடைவிடாமல் காற்றை ஊதி, அதிலுள்ள நுண்ணுயிர்களைப் பெருக்கி எடுக்கும் கரைசலை மட்குத் தேநீர் என்கிறோம்; பேச்சு வழக்கில் கம்போஸ்ட் டீ. பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் பழகிப்போன காவிரிப் படுகை விவசாயிகளுக்கு இதுவும் அவற்றைப் போன்றதே என்று தோன்றுவது இயல்பு. முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. பஞ்சகவ்யம் நொதித்துப் பதமாகும் பொருள். அன்றாடம் கலக்கிவிட்டால் மாதக்கணக்கில் வைத்திருந்து தெளிக்கலாம். மட்குத் தேநீரில் நாம் வளர்ப்பவையோ காற்றை நம்பி வாழும் உயிர்கள். காற்றை நிறுத்தினால் கரைசலில் உள்ள உயிர்வளியை (ஆக்சிஜனை) அவை விரைவில் தீர்த்துவிடும்; ஆகவே நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் கரைசல் வயலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அரை ஏக்கர் தோட்டத்தில் இந்தக் கெடு ஒரு பொருட்டே இல்லை. மூன்று வேலி, அதாவது 20 ஏக்கர் வைத்திருப்பவருக்கு எல்லாமே இந்தக் கெடுவைச் சுற்றித்தான் அமைகிறது. ஏக்கருக்கு 200 லிட்டர் என்று கொண்டால் 4000 லிட்டர் வேண்டும். 16 லிட்டர் கைத்தெளிப்பானில் அது 250 நிரப்பு. நான்கு ஆட்கள் இறங்கினாலும் ஆளுக்கு அறுபதுக்கு மேல் வரும். நான்கு மணி நேரத்தில் அது நடக்காது. பெரிய தொட்டி வாங்கிய பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்களே அதிகம் என்பது என் வருத்தம். ஒரு மாலைப் பொழுதில் உங்கள் ஆட்களும் விசைத்தெளிப்பானும் எத்தனை ஏக்கரை முடிக்க இயலும் என்பதை முதலில் அளந்து, அந்த அளவுக்கு மட்டுமே ஒவ்வொரு முறையும் தயாரித்து, நிலத்தைப் பகுதி பகுதியாக முடிப்பதே சரியான முறை. வெயில் நேரத்துத் தெளிப்பில் புற ஊதாக் கதிர் உயிர்களைக் கொன்றுவிடும் என்பதால் மாலையைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

நேரத்தை வேறு வழியில் மிச்சப்படுத்த நினைத்து மடைவாயில் ஊற்றிவிடுபவர்கள் உண்டு. வயலுக்கு வயல் நீர் பாயும் நம் பகுதியில் முதல் வயல் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, கடைசி வயலுக்கு வெறும் நீரே போகிறது. எஞ்சியது வடிகாலில் கலக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், நீர் தேங்கிய நெல் வயலின் சேற்றில் காற்றே இல்லை என்பது. காற்றில் வாழும் உயிர்களைப் பாடுபட்டு வளர்த்து, அவை வாழ முடியாத இடத்தில் கொண்டுபோய் விடுவது வீண் உழைப்பு. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் வயலில், நீர் வடிந்து மண் ஈரமாக மட்டும் இருக்கும் நாளே இதற்கு உகந்தது.

தொட்டியைப் பெரிதாக்கியவர்கள் காற்றை அதே அளவில் பெருக்குவதில்லை. மீன்தொட்டிக் காற்றுக்குழாய் 20 லிட்டர் வாளிக்குப் போதும். ஆயிரம் லிட்டருக்கு ஊதுவானும், நுண்குமிழி தரும் கற்களும், அடிமூலை வரை கலக்கும் அமைப்பும் வேண்டும். இதில் நம் வெப்பமும் எதிராக நிற்கிறது. 20 டிகிரி செல்சியஸ் நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது. தேநீரில் அது ஆறுக்குக் கீழே இறங்காமல் காக்க வேண்டும் என்பதால் கோடையில் நமக்குக் கிடைக்கும் இடைவெளி மிகச் சிறியது. ஆகவே நிழல் கட்டாயம். பம்புசெட்டுக்கான மும்முனை மின்சாரத்தை நம்பி ஊதுவானை ஓட்டுவதும் கூடாது. நள்ளிரவில் மின்சாரம் நின்று, காலையில் யாரும் அறியாமல் அது மீண்டும் வந்திருந்தால், கெட்ட கரைசலை நல்லதென்று நம்பித் தெளித்துவிடுவோம். புளித்த வாடையோ சாக்கடை வாடையோ வந்தால் தயங்காமல் எருக்குவியலில் ஊற்றிவிடுங்கள்.

நுண்ணுயிர்களுக்கு உணவாக வெல்லப்பாகு சேர்ப்பதில் தாராளம் ஆபத்தானது. இனிப்பு கூடினால் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகி உயிர்வளியை உறிஞ்சிவிடும், எருவில் ஈ.கோலை போன்ற கிருமிகள் எஞ்சியிருந்தால் அவையும் கூடவே பெருகும். நம் எருக்குழிகள் பெரும்பாலும் புரட்டப்படாதவை. அவற்றில் கிருமிகளைக் கொல்லும் அளவுக்கு வெப்பம் ஏறுவதில்லை. 55 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில் பதினைந்து நாள் நின்று, ஐந்து முறையாவது புரட்டப்பட்ட வரிசைக் குவியலின் உரம்தான் இதற்கு ஏற்றது. பச்சையாகத் தின்னும் வெள்ளரியிலும், பறித்த உடன் சந்தைக்குப் போகும் கீரையிலும் இலைமேல் தெளிப்பதை நான் முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன்.

குளோரின் கலந்த குடிநீரைப் பயன்படுத்த நேர்ந்தால் ஓர் இரவு காற்றூதிய பிறகே உரத்தை இடவேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்தில் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம்.

தெளிப்பானைக் கழுவாமல் விடுவது பெருநிலத்தில் பெருஞ்சேதம் விளைவிக்கும். வாடகைக்கு வரும் விசைத்தெளிப்பானில் முந்தைய நாள் 2,4-டி களைக்கொல்லி இருந்திருந்தால், அதன் மிச்சமே நெல் அறுத்த தரிசில் விதைத்த உளுந்தையும் பருத்தியையும் சுருட்டிவிடும். தாமிரப் பூஞ்சைக்கொல்லியின் மிச்சம் தேநீரின் உயிர்களைக் கொல்லும். இதற்கென்று தனித் தெளிப்பான் ஒதுக்குவதே நல்லது. வடிகட்டாத கரைசல் முனைகளையும், வாழைக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாய்களையும் அடைத்துக்கொள்ளும்.

இதை உரத்துக்கு மாற்றாக எண்ணி யூரியாவை ஒரேயடியாக நிறுத்துவதுதான் விளைச்சலை நேரடியாக அடிக்கும் தவறு. லிட்டருக்கு 200 மில்லிகிராம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருப்பதாக வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு 40 கிராம்தான் சேர்கிறது. நெல் கேட்பது 40 கிலோவுக்கும் மேல். இயற்கை முறைக்கு மாறுபவர் அந்தத் தழைச்சத்தைத் தக்கைப்பூண்டு, கொளிஞ்சி போன்ற பசுந்தாள் உரம், ஆட்டுக் கிடை, தொழுவுரம் ஆகியவற்றிலிருந்தே தேட வேண்டும். நோய் அடக்கும் ஆற்றலும் உரத்துக்கு உரம், வயலுக்கு வயல் மாறுகிறது. அதனால் முதல் சம்பாவில் ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நிலத்தைத் தெளிக்காமல் விட்டு வையுங்கள். அது அறுவடை இயந்திரம் தனியே இறங்கி அறுக்கத் தோதாக வரப்போரத்தில் இருக்கட்டும். அதன் நெல்லைத் தனியே மூட்டை பிடித்து எடை போட்டு, தெளித்த வயலில் அதே அளவு பரப்பின் எடையோடு ஒப்பிட்ட பிறகே அடுத்த பட்டத்துக்குத் தொட்டியைப் பெரிதாக்குவது பற்றி முடிவெடுங்கள்.