இல்லத்தை விட்டுப் போன பிள்ளைக்குத் துக்கம் வந்தால்

கிறிஸ்தவச் சிறுவர் இல்லத்தில் வளர்ந்து வெளியேறிய பிள்ளையின் தாயோ தகப்பனோ இறந்துவிட்டால், அங்கே தாய் தகப்பனாக இருந்து வளர்த்த இல்லப் பெற்றோர் தொலைபேசியில் ஜெபித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. செத்தவீட்டுக்குக் கூடவே போங்கள். உறவுக்காரர் நடுவில் தன் இடம் எது என்று தெரியாமல் பந்தலின் ஓரத்தில் நிற்கும் பிள்ளை அது. மரண அறிவித்தலில் மற்ற மக்களின் பெயர்களோடு அந்தப் பிள்ளையின் பெயரும் வருகிறதா என்று, அச்சுக்குப் போகுமுன் உறவினரிடம் பக்குவமாகக் கேளுங்கள். விடுபட்ட பெயர் ஆயுளுக்கும் வலிக்கும்.

பிறந்த குடும்பம் சைவமென்றால், 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டி என்ற ஈமக்கிரியைக்கு யாழ்ப்பாணத்துக் கீரிமலைத் தீர்த்தக் கரைக்குப் போக அந்தப் பிள்ளை விரும்பலாம். தடுக்காதீர்கள், நீங்களும் போய், கிரியை முடியும்வரை பக்கத்தில் இருங்கள். இதனால் யாருடைய விசுவாசமும் குறைந்துவிடாது.

“எல்லாம் கர்த்தரின் சித்தம்” என்று முதல் நாளே சொல்ல வேண்டாம். விட்டுப்போன தகப்பனை நினைத்து அழுகை வராமல் கோபமே வந்தாலும், அதுவும் துக்கந்தான். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதைச் சேர்ந்து வாசியுங்கள்.

சனம் கலைந்த பிறகுதான் தனிமை தெரியும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். ஆண்டு நினைவு நாளை இப்போதே கலண்டரில் குறித்துவையுங்கள். அன்று காலையிலேயே அழைத்துப் பேசுங்கள்.