ஜெர்மானிய மூதாதையரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஒரு ஜெர்மானியரின் பூர்வீகத்தைத் தேடுவோர் பெரும்பாலும் செய்யும் முதல் தவறு, அவருடைய சொந்த ஊர் எது என்று தெரியுமுன்பே ஜெர்மனியின் ஆவணங்களைப் புரட்டத் தொடங்கிவிடுவதாகும். ஜெர்மனி ஒரே பேரரசாக இணைந்தது 1871-இல்தான். அதற்கு முன்பு பிரஷியா, பவேரியா, வூர்ட்டெம்பெர்க், பாடன், ஹெஸ்ஸன் எனத் தனித்தனி அரசுகளாகவே அது இருந்தது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவுசெய்யும் முறை பேரரசு முழுவதற்கும் 1876 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ரைன் நதியின் இடதுகரைப் பகுதிகளில் பிரெஞ்சு ஆட்சியின் காரணமாக அம்முறை 1798-ஐ ஒட்டியே வந்துவிட்டது என்றாலும், பிற இடங்களில் பழைய தலைமுறையினரைப் பற்றி அறிய ஊர்த் தேவாலயத்தின் பதிவேட்டையே பெரிதும் நம்பியிருக்க வேண்டும். ஊர் தெரியாதவருக்கு எந்தப் பதிவேட்டைத் திறப்பது என்பதே தெரியாது.

ஊர்ப்பெயர் கிடைக்கக்கூடிய இடம் பெரும்பாலும் அமெரிக்காதான். ஆனால் அங்கும் பலர் மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு நின்றுவிடுகின்றனர். 1860, 1870 கணக்கெடுப்புகளில் ஜெர்மானியர் பிறந்த அரசின் பெயரைக் குறிக்குமாறு கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. ஆயினும் அவற்றிலிருந்து பாடன், பிரஷியா என்ற அளவுக்கு மேல் தெரியவருவது அரிது. குடியுரிமை ஆவணங்களும் 1906-க்கு முற்பட்டவையாக இருந்தால் ஏமாற்றமே மிஞ்சக்கூடும். விண்ணப்பித்தவர் பிரஷிய மன்னருக்கோ பாடன் பெருங்கோமகனுக்கோ இனி விசுவாசம் இல்லை என்று உறுதிகூறிய செய்தியோடு பல ஆவணங்கள் முடிந்துவிடுகின்றன. என் கருத்தில், நகலுக்குச் செலவிடும் பணத்தையும் நேரத்தையும் முதலில் பெறத்தக்கது அவர் வழிபட்ட ஜெர்மானிய சபையின் பதிவேடுதான். அங்கிருந்த போதகர் பல நேரங்களில் தாமும் ஜெர்மனியிலிருந்து வந்தவராக இருந்ததால், திருமணத்தையும் அடக்கத்தையும் பதியும்போது பிறந்த கிராமத்தின் பெயரையே எழுதும் வழக்கம் உடையவராக இருந்தார். ஜெர்மன் மொழி நாளிதழ்களின் இரங்கல் குறிப்புகளும் அவ்வாறே பயன்படும். நம் மூதாதையரின் பதிவில் ஊர் இல்லையென்றால் தேடலைக் கைவிடாமல், அவருடைய அண்ணன் தம்பிகள், திருமணச் சாட்சிகள், பக்கத்து நிலத்துக்காரர்கள் ஆகியோரின் பதிவுகளையும் பார்க்க வேண்டும். ஒரே கிராமத்தினர் ஒருவர் பின் ஒருவராகச் சென்று ஒரே இடத்தில் குடியேறியது மிகவும் சாதாரணமாக நடந்த ஒன்று.

பெயரில் நேரும் பிழைகள் பல. நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தோரைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையத்தின் அதிகாரிகள் குடும்பப் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் சொல்லப்படுகிறது. அந்த நிலையம் திறக்கப்பட்டதே 1892 ஜனவரி 1 அன்றுதான். அங்கிருந்த அதிகாரிகளும் கப்பல் நிறுவனம் தயாரித்துக் கொண்டுவந்த பட்டியலை வைத்தே பயணிகளைச் சரிபார்த்தார்கள். ஷ்மிட் என்பவர் ஸ்மித் ஆனதும், ட்ஸிம்மர்மன் (தச்சர்) என்பவர் அதே பொருளுள்ள கார்ப்பென்டர் ஆனதும் பெரும்பாலும் குடியேறிய பிறகு படிப்படியாக நிகழ்ந்தவை. இதைவிடக் குழப்பம் தருவது முதற்பெயர். ஒரே வீட்டில் யோஹான் கெயோர்க், யோஹான் பீட்டர், யோஹான் ஃபிலிப் என மூன்று சகோதரர்கள் இருப்பார்கள். ஊரார் அவர்களை அழைப்பது கெயோர்க், பீட்டர், ஃபிலிப் என்ற இரண்டாம் பெயரால்தான். அமெரிக்காவில் ஜார்ஜ் என்று அறியப்பட்டவரை ஞானஸ்நானப் பதிவில் ‘ஜி’ வரிசையில் மட்டும் தேடினால் அவர் அகப்படமாட்டார். பழைய பதிவேடுகளில் பெண்களின் குடும்பப் பெயரோடு ‘இன்’ என்ற விகுதி சேர்ந்து, முல்லர் வீட்டு மகள் ‘முல்லரின்’ என்று எழுதப்பட்டிருப்பாள். அதை வேறொரு குடும்பமாகக் கொள்ளக்கூடாது. வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணைக்கு உரியவளை மணந்த ஆண், அப்பண்ணையின் பெயரையே தன் பெயராக ஏற்றதும் உண்டு.

கப்பல் பட்டியல்களைப் பொறுத்தவரை, கிடைக்காத ஒன்றைத் தேடி அலைவது வீண். ஹாம்பர்க் துறைமுகத்தின் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் எஞ்சியுள்ளன. பயணி வசித்த ஊரையும் அவை பல இடங்களில் தருகின்றன. பிரேமன் துறைமுகத்தில் இடப் பற்றாக்குறையால் பழைய பட்டியல்கள் அழிக்கப்பட்டன, மிஞ்சியவற்றில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. லெ ஹாவ்ர், ஆண்ட்வெர்ப், ராட்டர்டாம் ஆகிய துறைமுகங்களின் வழியாகவும் ஏராளமானோர் சென்றனர் என்பதால், ஹாம்பர்க் பட்டியலில் பெயர் ஒத்துப்போன ஒருவரை வயது, தொழில், உடன்வந்தோர் ஆகிய மூன்றையும் ஒப்பிடாமல் நம்மவர் என்று முடிவுசெய்துவிடக் கூடாது.

ஊர்ப்பெயர் கிடைத்த பிறகும் அவசரம் ஆகாது. பெருஞ்செல்வரான ஜான் ஜேகப் ஆஸ்டர் 1763-இல் பிறந்த வால்டோர்ஃப், ஹைடல்பெர்க் நகருக்கு அருகில் உள்ளது. அதே பெயரில் துரிங்கியாவின் மைனிங்கன் அருகில் ஓர் ஊரும், ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் தெற்கே இன்னோர் ஊரும் இருக்கின்றன. அரசு, மாவட்டம், மதப்பிரிவு ஆகியவை பொருந்தும் ஊரையே தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு 1912-இல் வெளிவந்த மேயர் ஊர்ப்பெயர் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிற்றூர்களுக்கு எந்த ஊரில் தேவாலயம் இருந்தது என்பதை அறியவும் அது உதவுகிறது. பொமரேனியா, போசன், சைலீசியா ஆகிய பகுதிகளின் பெரும்பகுதி இன்று போலந்தில் இருப்பதால், அவற்றின் பதிவேடுகளைப் போலந்தின் ஆவணக் காப்பகங்களிலும் தேட வேண்டியிருக்கும்.

பதிவேட்டைத் திறந்ததும் எதிர்ப்படுவது குர்ரெண்ட் என்னும் பழைய கையெழுத்து. அதில் ‘இ’ (e) எழுத்து ‘என்’ (n) போலவே தோன்றும். பதிவேட்டைப் படித்துத் தேடலுக்கான பெயர்ப்பட்டியல் தயாரித்தவர்களே அதைத் தவறாகப் படித்திருப்பதால், தேடுபொறியின் விடையோடு நில்லாமல் மூலப் பக்கத்தின் படத்தையும் பார்த்தாக வேண்டும். தேதியிலும் ஓர் இடர் உண்டு. எட்டு என்ற இலக்கத்தை அடுத்து ‘பெர்’ என்று எழுதியிருந்தால் அது ஆகஸ்ட் மாதமன்று, அக்டோபர். ஏழுடன் எழுதியிருந்தால் செப்டம்பர். லத்தீன் எண்ணுப்பெயர்களின் வழியே வந்த சுருக்கம் இது. பல பதிவுகளில் இருப்பது ஞானஸ்நான நாள் மட்டுமே என்பதால், அதைப் பிறந்த நாளாகக் குறித்துவிடுவதும் தவறு.

பெயரும் பெற்றோரும் பொருந்தும் ஞானஸ்நானப் பதிவு கையில் கிடைத்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. குழந்தை இறந்தால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைப்பது அக்காலத்து வழக்கம். சில போதகர்கள் இறந்த குழந்தையின் பெயரருகே சிறு சிலுவைக் குறி இட்டிருப்பார்கள், சிலர் இட்டிருக்கமாட்டார்கள். எனவே, அதே ஊரின் அடக்கப் பதிவேட்டை அடுத்த சில ஆண்டுகளுக்கும், திருமணப் பதிவேட்டை அவர் கப்பலேறியதாகக் கருதப்படும் ஆண்டுக்குப் பின்னும் படித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை மூன்று வயதில் அடக்கம் செய்யப்பட்டிருந்தாலோ, வளர்ந்து அவ்வூரிலேயே மணம் முடித்துக் குடும்பம் நடத்தியிருந்தாலோ, அமெரிக்கா சென்றவர் வேறொருவர். அதே பதிவேட்டில் அதே பெயருடைய அடுத்தவரைப் பார்க்க வேண்டியதுதான்.