படுத்த படுக்கையான அம்மாவுக்கு முதியோர் இல்லம் பார்த்த விதம்

பக்கவாதத்துக்குப் பிறகு தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவருக்குத் தோட்டமும் பஜனையும் அப்புறம்தான். முதலில் நான் கேட்டது ராத்திரி ஆள் கணக்கு. 9 மணிக்கு மேல் எத்தனை பேருக்கு ஒரு ஆயா? நர்ஸ் அங்கேயே தங்குகிறாரா, கூப்பிட்டால் வருகிறவரா? பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் புண் வரும். காற்று மெத்தை போட்டாலும் புரட்டத்தான் வேண்டும். புரட்டிய நேரம் எழுதும் சார்ட்டைக் கேளுங்கள். பகல், ராத்திரி எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால் மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியது!

மூக்குக் குழாயில் உணவு போகிறதென்றால் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்து அரை மணி நேரமாவது அப்படியே. மட்டமாகப் படுக்க வைத்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

டயப்பர், பிசியோதெரபி மாதக் கட்டணத்தில் சேருமா, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் பணம் பிடிப்பார்களா, டெபாசிட் எப்போது திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். டெபாசிட்டுக்கு முன் ஒரு மாதம் சேர்த்துப் பார்க்க ஒத்துக்கொள்ளாத இடம் எனக்கு வேண்டாம். அருகில் என்னென்ன இல்லங்கள் என்று முதியோருக்கான உதவி எண்ணான 14567 எல்டர்லைனில் விசாரிக்கலாம்.