4கே டிவிக்கும் பழைய ரிசீவருக்கும் ஒத்துப்போக

4கே பிளேயரைப் பழைய ஹோம் தியேட்டர் ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வழியாக டிவிக்குக் கொண்டுபோகாதீர்கள். எச்டிஎம்ஐ வயரை நேராக டிவியில் செருகிவிட்டு, டிவியிலிருந்து ஒரு ஆப்டிகல் கேபிளை (சத்தத்தை வெளிச்சமாகக் கொண்டுபோகும் வயர்) ரிசீவருக்குக் கொடுங்கள். டிவி, ரிசீவர் இரண்டிலும் 'ஏஆர்சி' (டிவியின் சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) என்று போட்ட எச்டிஎம்ஐ துளை இருந்தால், ஆப்டிகலுக்குப் பதில் அதில் இணைப்பது இன்னும் நல்லது.

எச்டிஎம்ஐ 2.0 வந்ததே 2013-ல்தான். அதற்கு முந்தைய ரிசீவர்களுக்கு, 4கே படத்தைத் திருட்டு நகலெடுக்காமல் காக்கும் எச்டிசிபி 2.2 பூட்டு தெரியாது. நடுவில் வைத்தால் திரை கறுத்துப்போகும், அல்லது படம் 1080-க்கு இறங்கிவிடும். டால்பி டிஜிட்டல் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) சத்தத்துக்கு ஆப்டிகல் தாராளமாகப் போதும். டிவியின் சவுண்ட் செட்டிங்கில் 'பிசிஎம்' (இங்கே இரண்டு ஸ்பீக்கர் சத்தம்) என்று இருப்பதை 'பாஸ்த்ரூ' அல்லது 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்ற மறந்தால் முன் ஸ்பீக்கர் இரண்டு மட்டும்தான் பேசும்.

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஆப்டிகல் கேபிள் வாங்கும்போது தங்க முலாமுக்கென்று கூடக் கொடுக்காதீர்கள். உள்ளே போவது வெளிச்சம், அதற்குத் தங்கம் எதற்கு? நுனியில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழற்றிவிட்டுச் செருகுங்கள். டிவி பக்கம் செருகியதும் மறுமுனையில் சிவப்பாக மினுங்க வேண்டும்.

ஆப்டிகலில் அட்மாஸ், ட்ரூஎச்டி போன்ற டால்பியின் உயர்தர சத்த வகைகள் எதுவும் வராது. சில டிவிகள் டிடிஎஸ் என்ற இன்னொரு சத்த வகையையும் விடாது. பிளேயரில் எச்டிஎம்ஐ அவுட் இரண்டு இருந்தால் இந்தச் சுற்றே வேண்டாம்: ஒன்று டிவிக்கு, சத்தத்துக்கான மற்றொன்று ரிசீவருக்கு. சிவப்பு-வெள்ளை பின் மட்டுமே உள்ள ரிசீவருக்குத் தனியாக ஒரு கன்வெர்ட்டர் தேவைப்படும். அதிலும் ஸ்டீரியோ மட்டும்தான்.