மின்சார லாரியின் ரேஞ்ச்: குளிர், காற்று, ஓட்டும் கால் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவது எப்படி?

டேஷ்போர்டில் தெரியும் 'மீதி கிலோமீட்டர்' பெரும்பாலும் சமீபத்தில் ஓட்டியதை வைத்துப் போட்ட கணக்கு. நேற்று காலி வண்டியை இளவெயிலில் ஓட்டிவிட்டு, இன்று முழு லோடோடு எதிர்க்காற்றில் கிளம்பினால் அந்த எண் பாதி வழியில் கைவிட்டுவிடும். அதனால் சொந்தமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வது அவசியம். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

இங்கே 'யூனிட்' என்றால் ஒரு கிலோவாட் மணி. உதாரணங்கள் எல்லாம் 40 டன் மொத்த எடை, 300 யூனிட் பயன்படுத்தக்கூடிய பேட்டரி கொண்ட டிரெய்லர் லாரிக்கானவை. உங்கள் வண்டி சிறியது என்றால் எண்கள் குறையும், கணக்குப் போடும் முறை அதேதான்.

படி 1: உங்கள் வண்டியின் அடிப்படை எண்ணைக் கண்டுபிடியுங்கள்

காற்று அதிகம் இல்லாத, மிதமான வெப்பம் உள்ள ஒரு நாளில், வழக்கமான லோடோடு ஒரே பாதையில் போய்த் திரும்புங்கள். போய்த் திரும்பினால்தான் ஏற்றமும் இறக்கமும் ஓரளவு சரிக்கட்டும். கிளம்பும்போதும் வந்து நிற்கும்போதும் பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

82%-இல் கிளம்பி 38%-இல் வந்து நின்றால் செலவானது 44%. 300 யூனிட்டில் 44% என்பது 132 யூனிட். ஓடியது 110 கி.மீ. என்றால், கிலோமீட்டருக்கு 1.2 யூனிட். இதுதான் அடிப்படை எண். வேறு லோடு ஏற்றினால் அதற்குத் தனி எண் எடுக்க வேண்டும். 10 கி.மீ. மட்டும் ஓட்டிப் பார்த்து இந்த எண்ணை முடிவு செய்யாதீர்கள். சதவீதம் முழு எண்ணாகத்தான் காட்டும், அதில் ஒரு சதவீதம் பிசகினாலே 3 யூனிட் பிசகும்.

படி 2: மணிக்கணக்குச் செலவைத் தனியாகப் பிரியுங்கள்

புதிதாக ஓட்டுபவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். டயர் உராய்வும் காற்றுத் தடையும் கிலோமீட்டர் கணக்கில் பேட்டரியைத் தின்கின்றன. ஹீட்டர், ஏசி, பேட்டரியைக் குளிர்விக்கும் பம்பு ஆகியவை வண்டி ஓடினாலும் நின்றாலும் மணிக்கணக்கில் தின்கின்றன.

4 கிலோவாட் இழுக்கும் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது கிலோமீட்டருக்கு 0.05 யூனிட்தான். நெரிசலில் சராசரி வேகம் 20-க்கு இறங்கினால் அதே ஹீட்டர் 0.2 யூனிட் ஆகிவிடும், நான்கு மடங்கு. குளிர்பதனப் பெட்டி அதே பேட்டரியில் ஓடினால் அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

படி 3: குளிருக்கு என்ன கூட்டுவது?

குளிர் நான்கு பக்கமும் கை வைக்கும். பேட்டரிக்குள் மின்தடை கூடும். கேபினுக்கு ஹீட்டர் வேண்டும். 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கும்போது காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9% கூடுவதால் அதைக் கிழித்துக்கொண்டு போவதும் கடினம். நான்காவது டயர்: 120 பிஎஸ்ஐ அழுத்தம் உள்ள லாரி டயரில் 10 டிகிரி குறைந்தால் 4 முதல் 5 பிஎஸ்ஐ இறங்கும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், ஆகவே கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

குளிர்ந்த காலையில் 100% சார்ஜோடு கிளம்பும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி வழக்கம்போல் இழுத்துப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போவதைக் கவனியுங்கள். டேஷ்போர்டில் ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டார் மின்சாரம் ஆக்கிப் பேட்டரிக்குத் திருப்புவது) அளவும் ஏறாது. இது பழுது இல்லை. பேட்டரியில் இடம் இல்லை, குளிரில் வேகமாக சார்ஜை வாங்கிக்கொள்ளவும் அதனால் முடியாது. கட்டாயப்படுத்தினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து சேதமாகும் என்பதால் வண்டியே ரீஜெனைத் தடுக்கிறது. அன்று பிரேக் போடும் தூரத்தைக் கூடுதலாக விட்டு ஓட்டுங்கள். கிளம்பியதும் நீண்ட இறக்கம் வரும் பாதை என்றால் 90%-லேயே சார்ஜை நிறுத்திவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் கைகண்ட மருந்து, சார்ஜர் ஒயரைக் கழற்றும் முன்பே 30 முதல் 60 நிமிடம் கேபினையும் பேட்டரியையும் சூடாக்கிவிடுவது. அந்தச் செலவு வெளி மின்சாரத்தோடு போய்விடும். சார்ஜ் நள்ளிரவில் முடிந்து பேட்டரி விடியும்வரை ஆறிக் கிடக்காமல், கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்பு முடியும்படி நேரம் வையுங்கள்.

கடும் வெயிலில் ரேஞ்ச் அந்த அளவுக்கு விழாது. ஏசியும் பேட்டரி குளிர்விப்பும் கொஞ்சம் எடுக்கும், அவ்வளவே. பேட்டரி சூடாக இருந்தால் வேக சார்ஜரில் வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்க நேரலாம்.

படி 4: காற்றும் மழையும்

காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. நம் லாரி 80-இல் போகும்போது காற்றுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு சுமார் 0.5 யூனிட். எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், காற்றைப் பொறுத்தவரை வண்டி 100-இல் போகிறது, செலவு 0.8 யூனிட்டை நெருங்கும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 0.3 ஆகும். போனதில் இழந்தது 0.3, வந்ததில் கிடைத்தது 0.2. 'போகும்போது விட்டதை வரும்போது பிடிக்கலாம்' என்ற நினைப்பு இங்கே பலிக்காது.

ஈரச் சாலையில் டயர் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு உருள வேண்டும், குளிர்ந்தும் போகும். இரண்டுமே உருளும் தடையைக் கூட்டும்.

படி 5: கால் செய்யும் வேலை

80-இல் ஓடும் 40 டன் வண்டிக்குள் 2.7 யூனிட் இயக்க ஆற்றல் இருக்கிறது. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும், ரீஜென் இழுத்துப் பிடிக்காத அளவுக்குக் காலைத் தளர்த்தி வண்டியைத் தானாக உருளவிட்டால் அந்த 2.7 யூனிட் சாலையிலேயே வேலை செய்யும். ரீஜெனில் நிறுத்தினால் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும், ஆனால் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இழப்பு உண்டு. கடைசி நொடியில் பிரேக்கை அழுத்தினால் மோட்டாரால் வாங்க முடியாத மிச்சம் பிரேக்கில் வெறும் சூடாகப் போகும். ஆகவே முதலில் உருளவிடுங்கள், அடுத்து மெல்லிய ரீஜென், பிரேக் கடைசியில்.

வேகத்தையும் பாருங்கள். 80-க்குப் பதில் 90-இல் போனால் கிலோமீட்டருக்கு சுமார் 0.14 யூனிட் கூடுதல். 200 கி.மீ.க்கு 28 யூனிட். மிச்சமாகும் நேரம் 17 நிமிடம். அந்த 28 யூனிட்டை 100 கிலோவாட் சார்ஜரில் திரும்ப ஏற்ற ஆகும் நேரமும் 17 நிமிடமே!

படி 6: கிளம்பும் முன் கூட்டிப் பாருங்கள்

பேட்டரியில் 15% கையிருப்பாக ஒதுக்கினால், 300-இல் 255 யூனிட் மிஞ்சும். 5 டிகிரி குளிர், 20 கி.மீ. எதிர்க்காற்று, சராசரி வேகம் 60 என்று வைத்துக்கொள்வோம்.

அடிப்படை: 1.20
குளிர்க் காற்றும் டயரும்: 0.10
எதிர்க்காற்று: 0.30
ஹீட்டர், 4-ஐ 60-ஆல் வகுத்தால்: 0.07
மொத்தம்: 1.67

255-ஐ 1.67-ஆல் வகுத்தால் 152 கி.மீ. நல்ல நாளில் இதே பேட்டரி 212 கி.மீ. ஓடியிருக்கும். பாதையில் ஏற்றம் இருந்தால், ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் குறைந்தது 11 யூனிட்டை 255-லிருந்து முதலில் கழித்துவிடுங்கள். இறக்கத்தில் ஒரு பகுதி திரும்பும், ஆனால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஓடும்போது 50 கி.மீ.க்கு ஒருமுறை சதவீதத்தைப் பார்த்து இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள். 50 கி.மீ.க்கு 28% இறங்கியிருந்தால் கணக்குச் சரி. 32% இறங்கியிருந்தால், ஹீட்டரை அணைத்துவிட்டு நடுங்குவதற்கு முன்னால் வேகத்தைக் குறையுங்கள். அந்த எதிர்க்காற்றில் 80-லிருந்து 70-க்கு இறங்கினாலே கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் மிச்சம். ஹீட்டரை முழுதாக அணைத்தாலும் 0.07-தான் கிடைக்கும்.